மலைச் செலவு நிறுத்தத் தக்கதா?

ஆண்டுதோறும் கோடையில் நம் கல்லூரி மாணவர் ஒரு கூட்டமாய்ச் சேர்ந்து, வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு மாலை மீளுமாறு, யாதேனும் ஒரு மலைப்புறத்தில் கூடாரமடித்துத் தங்கி நடந்து வருதல் நெடுநாள் வழக்கமாய் இருந்து வருகின்றது. இவ்வழக்கத்தை இனி நிறுத்திவிடுதலே நலம் என்று ஆசிரியருள் சிலரும் பெற்றோருள் பலரும் கருதுகின்றனர். நடையை விடுத்துப் பேருந்திலேயே ஏறிச் சென்று, மலைமேலுள்ள விடுதியொன்றில் அறை எடுத்துத் தங்கி, படம் பிடித்துக்கொண்டு திரும்புதல் போதும் என்பது மாணவருள் ஒரு சாராரின் வேண்டுகோள். இவ்விரு திறத்தாரும் காரணமாக எடுத்துக் காட்டுவது சென்ற மே மாதம் சிறுமலையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும். அந்நிகழ்ச்சியில் பிழை செய்தாருள் யானும் ஒருவன். ஆதலின் இப்பொருள்பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்பார் இருக்கலாம். பேசாதிருக்கத்தான் எனக்குத் தகுதி இல்லை என்பது என் துணிபு.

சிறுமலை பெயரளவிலேதான் சிறியது. திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவு. பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள். கீழே நெற்றி வேர்வையைத் துடைத்து வந்த துண்டு, மேலே சென்றதும் காதைச் சுற்றிக் கட்டும் துணியாகிவிடுகின்றது. மலைவாழை, பலா, மிளகு, காப்பி, எலுமிச்சை என்பன அங்கு விளைவன. சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை நம்மவர் பலர் அறிவர். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிக்கொத்து நோய் புகுந்து அவ்வாழைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டதையும், எஞ்சிய தோட்டத்தார் படும் பாட்டையும் அறிந்தவர் சிலரே. சாலை செல்லாத தோட்டங்களிலிருந்து விளைபொருளைச் சாலைக்குக் கொண்டு சேர்ப்பன இன்றும் பொதிக் குதிரைகளே. நடுவே தார் வரிந்த சாலையில் சுற்றுலா வண்டிகள் ஊதிக்கொண்டு போக, அதன் ஓரத்தில் இருபுறமும் மூட்டை தொங்க நாலைந்து குதிரைகள் தலை தாழ்த்தி வரிசையாக வருதல் காண்போர்க்கு வியப்பைத் தருவதாகும்.

எமக்கு வழிகாட்டியாய் அமைந்த பெரியவர் இத்தகைய குதிரைகளை நடத்துபவர். அகவை அறுபதுக்கு மேலிருக்கும். எம்முடன் புறப்படுகையில் அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். வழிகாட்டி என்பவர் முன்னே செல்ல வேண்டாவோ என்று எம்முள் ஒருவர் வினவினார். அதற்கு அவர், “முன்னால போற குதிரைக்குப் பாதை தெரியும், தம்பி. பொதி சரிஞ்சா அது பின்னால வர்றவனுக்குத்தான் தெரியும்” என்றார். நாங்கள் நகைத்தோம். எம்மைக் குதிரை என்றாரே என்பதுதான் அப்போது எமக்கு நகைச்சுவையாய்ப் பட்டது. அவர் கூறிய மற்றொரு பாதி செவியில் ஏறவில்லை.

முதல் இரவைப்பற்றி ஒரு சொல் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. தனியார் தோட்டமொன்றில், உரிமையாளரின் இசைவு பெற்று, ஆறு கூடாரங்கள் அடித்தோம். விடுதியில் உப்புக் குறைந்தாற் சமையற்காரரை வசை பாடுவோர், தாமே சோறு வடிக்கத் தலைப்பட்டு, அடிப் பிடித்த பானையைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் நோக்கினர். அன்று அச்சோற்றைக் குறை கூறியவர் ஒருவருமிலர். பொருளியல் மாணவர் ஒருவருக்கு விறகு பிளக்கத் தெரிந்திருந்தது. ஆங்கில இலக்கிய வகுப்பில் முதன்மை பெற்றவர்க்கு வெங்காயம் உரிக்கத் தெரியவில்லை. இரண்டாண்டு ஒரே கூடத்தில் இருந்தும் பேசியறியாத இருவர், ஒரே கூடாரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டுகையில் பேசத் தொடங்கிப் பாதி இரவுவரை ஓயவில்லை. கைப்பேசிக்கு அலை கிடைக்கவில்லை என்பதும் இதற்கு ஓரளவு காரணம் என்று ஒப்புக்கொள்ளுகின்றேன். பெரியவர் பாறைக் குடைவைப் ‘பொடவு’ என்றார். விடர் என்றும் முழை என்றும் நாங்கள் பொருள் எழுதி மதிப்பெண் பெற்றவை அப்படியொன்றை நேரிற் கண்டு பெற்றவை அல்ல. குறிஞ்சித் திணையின் கருப்பொருளை எண்ணி எண்ணி ஒப்பிப்பவன் அன்றுதான் மலைத்தேன் எடுக்கும் கொம்பையும், மலைவாழைத் தோட்டத்துக் காவற் பரணையும் கண்ணாற் கண்டேன்.

இனி அந்நிகழ்ச்சி. சனிக்கிழமை காலை, வனத்துறையார் இசைவளித்த வழியே ஒரு மேட்டு முகட்டை நோக்கி நடந்தோம். மாணவர் இருபத்துமூவர், ஆசிரியர் ஒருவர், பெரியவர். மற்றோர் ஆசிரியர் பாசறையிலேயே தங்கினார். முகட்டை அடைந்தபோது நண்பகல். தோட்டத்தில் பொதி ஏற்றும் வேலை இருந்தமையால் பெரியவர் அங்கிருந்து கீழிறங்க வேண்டியவராயிருந்தார். போகுமுன் அவர் எமக்குக் கூறியவை மூன்று: மேற்கே மேகம் கறுக்கின்றது, உடனே இறங்குக, எல்லீரும் ஒன்றாக வருக, இரண்டு பலா மரம் நிற்கும் இடத்தில் பாதை பிரியும், அவ்விடத்தில் நின்று தலை எண்ணிப் பார்த்து, இடப்பக்கம் திரும்புக. எளிய சொற்கள், ஒரு சிறுவனும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

நாங்கள் முக்கால் மணி நேரம் முகட்டிலேயே இருந்தோம். பாட்டும் படமும் முடியவில்லை. தூற்றல் தொடங்கிய பின்னர், எழுவர், யானும் உட்பட, மழைக்கு முன் பாசறையை யார் அடைவது என்று பந்தயம் கட்டி ஓடினோம். இரு பலா மரத்தைக் கண்டோம், நிற்கவில்லை. எமக்குப் பின்னே வந்தவர் எம் கூச்சலைக் கேட்டு இடப்பக்கம் திரும்பினர். அவர்க்கும் பின்னே வந்தவர்க்கு, மழை இரைச்சலில், கூச்சல் கேட்கவில்லை. ஆசிரியர், கால் பிசகிய மாணவர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு நடுவில் வந்தார். கடைசியில் யார் என்று கேட்பதற்கு எவருமில்லை.

பாசறையில் ஈரம் துவட்டி, அடுப்பு மூட்டி, ஆறரை மணிக்கு உண்ண அமர்ந்தோம். மாணவர்க்கென இருபத்துமூன்று இலை போட்டிருந்தது. ஓர் இலைக்குமுன் ஆள் இல்லை. எண்ணத் தவறியிருப்போம் என்று கருதி ஒருவர் அவ்விலையை எடுத்துவிடப் போனார். பின்னர் மற்றொருவர் எழுந்து எம்மை எண்ணினார். அவ்வேளையில் எழுந்த அமைதியை என் வாழ்நாளில் மறவேன். காட்டு மாடுகள் இரவில் ஓடைக்கு இறங்கும் என்று முதல் நாள் கேட்ட செய்தி ஒவ்வொருவர் நெஞ்சிலும் எழுந்தது. ஒருவரும் அதை வாய்விட்டுக் கூறவில்லை.

பெரியவர் கைவிளக்குடன் வந்தார். எவரையும் கடிந்துகொள்ளவில்லை, “எந்த இடத்துல கடைசியாப் பார்த்தீங்க?” என்று மட்டும் கேட்டார். அதற்கு விடை கூற வல்லார் எம்முள் ஒருவருமில்லை. அதுவே எமக்குப் போதிய தண்டனையாயிற்று. இரவு ஒன்பது மணிக்கு மேல், வலப்பக்கப் பாதையில் நெடுந்தொலைவு தள்ளி, ஒரு பொடவில் நண்பரைக் கண்டார். அவர் செருப்பின் வார் அறுந்து போயிருந்தது. நடைக்குரிய காலணி வாங்க அவரிடம் பொருளில்லை என்பதும், அதை எவரிடமும் கூற அவர் விரும்பவில்லை என்பதும் பின்னரே தெரிந்தன. திரும்பி வருகையில் அவர் என்னிடம் கூறியது இது: “முதல் அரை மணி நேரம் நான் வழி தேடவில்லை. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.” அவர் குரலிற் சினம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. மரத்தடியில் வழிபாட்டுக்குக் கூடினோம். பாட்டு எடுக்க ஒருவருக்கும் குரல் எழவில்லை. காணாமற்போன ஆட்டின் உவமையை வாசிக்கலாமா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். வேண்டா என்று வேறொருவர் தலையசைத்தார். அவ்வுவமையில் மேய்ப்பன் தானே எண்ணிப் பார்த்து அறிகின்றான். எமக்கோ இலை சொல்ல வேண்டியதாயிற்று.

இங்கு மாணவ நண்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்நிகழ்ச்சியில் மலை செய்த குற்றம் யாது? மழை வரும் என்பது முன்னரே கூறப்பட்டது. பாதை பிரியும் இடம் அடையாளத்துடன் காட்டப்பட்டது. செய்யத்தக்கது இன்னது என்று சொல்லப்பட்டது. நாங்கள் கேளாதொழிந்தோம். கேளாமைக்கு மருந்து மலைக்குப் போகாமை என்பது, படிக்காத மாணவனுக்குத் தேர்வையே நீக்கிவிடுதல் போன்றதாகும்.

தமிழ் பயில்வோனாகிய எனக்கு நாணம் இன்னும் ஒரு படி மிகுதி. அப்பருவத்தில் யான் பாடங்கேட்ட நூல் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயருடைய அந்நூல் 583 அடிகளை உடையது, உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றிய காலந்தொட்டு நம் கையில் தவழ்வது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் கூட்டத்திற்கு, அவ்வழியே சென்று மீண்டவன் வழி கூறும் முறையில் அமைந்தது. அதனை வருணனைச் செல்வம் என்று தேர்வில் எழுதினேன். முழு மதிப்பெண்ணுக்கு மிகக் குறையாமலும் பெற்றேன். ஆனால் அந்நூலிற் பெரும் பகுதி எச்சரிக்கையன்றோ! பன்றிக்கு வைத்த பொறிகள் இருத்தலின் விடிந்தபின் செல்க என்கின்றது. பாம்பு உறையும் குழிகளைக் குறித்துச் சொல்கின்றது. தினைப்புனங் காப்போர் வீசும் கவண்கல் மரங்களில் மோதி வரும், ஒதுங்கிச் செல்க என்கின்றது. பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் பக்கத்துச் செடிகளைப் பற்றிக்கொண்டு நடக்கச் சொல்கின்றது. பெண்டிரும் பிள்ளைகளும் இசைக்கருவிச் சுமையும் உடன் வரும் கூட்டம் அது. ஓடிப்போய் முந்துதல் அவர்க்கு இயலாது. அவரை முந்துவித்தலும் புலவர் கருத்தன்று. நன்னனது நவிரமலை திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையே என்று அறிஞர் கூறுவர். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு புலவர் ஏட்டிற் கூறியதையும், பொதிக் குதிரை நடத்தும் பெரியவர் வாயாற் கூறியதையும் ஒரே வாரத்திற் கேட்டும், இரண்டையும் ஒன்றாகக் காணாத படிப்பு என்ன படிப்போ, யானறியேன்.

பெற்றோரது அச்சம் வேறு வகையது. அதனை எளிதென்று ஒதுக்குதல் தகாது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடை சென்றிருந்த இரு குழுவினர் காட்டுத் தீயில் அகப்பட்டு, இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த கொடுமையை எவரும் மறந்திலர். அவருட் பெரும்பாலார் நம்மினும் சில ஆண்டே மூத்த இளையோர். அத்தீ பற்றியது உலர்ந்த புல்லில், காற்று வீசும் சரிவில். சமநிலத்தினும் மேட்டுச் சரிவில் நெருப்பு விரைந்து ஏறும் இயல்பினது. கீழிருந்து எழும் அனல் மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திப் பற்றுதற்கு ஆயத்தமாக்கிவிடுகின்றது. ஆதலின் கோடையின் தொடக்கத்தில் புல்வெளிச் சரிவுகளில் நடத்தல் எத்துணை ஊக்கமுடையார்க்கும் ஆகாது. அக்கேட்டின் பின்னர், அவ்வாண்டிலேயே, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை பதினான்கு மாவட்டங்களில் நாற்பது வழிகளைத் தேர்ந்து, மலையூர்களைச் சேர்ந்தோரையே வழிகாட்டிகளாகப் பயிற்றி, முன்பதிவு முறையில் நடைச் செலவைத் தொடங்கியது. 2025இல் தீப் பருவம் வந்ததும் அவ்வழிகளை மூடி வைக்கவும் செய்தது. நோக்குக: இருபதுக்கு மேற்பட்ட உயிர்களை இழந்த பின்னும் நாடு எடுத்த முடிவு, மலைக்கு எவரும் செல்லற்க என்பதன்று, இன்ன காலத்தில், இன்ன வழியில், இன்னார் துணையோடு செல்க என்பதே. நம் கல்லூரி அதனினும் அஞ்சுதல் எற்றுக்கு?

பேருந்துச் சுற்றுலாவை விரும்பும் நண்பர்க்கு விரிவாக விடையிறுக்க யான் எண்ணவில்லை. அவர் விரும்புவது இன்பமே; இன்பம் குற்றமன்று. ஆனால் விடுதியின் குளிரறையில் இருந்து கண்ணாடி வழியே மலையைக் காணுதற்குக் கல்லூரியின் பெயரும் ஆசிரியரின் நேரமும் வேண்டுவதில்லை. அஃது எந்தக் குடும்பத்தாரும் செய்து கொள்ளத்தக்கது. ஒலிபெருக்கியும் நெகிழிப் புட்டிகளும் அங்கு முந்திக்கொண்டு போய்ச் சேரும் என்பதையும் அறிவேன். மேலும், பேருந்தில் எவரும் பின்தங்கார். பின்தங்குவார் இல்லாத செலவில், பின்தங்குவாரைக் காத்து நிற்கக் கற்றுக்கொள்ளவும் இடமில்லை.

ஆயினும் பழைய முறையிலேயே செல்லலாம் என்று கூறேன். என் வேண்டுகோள்கள் சிலவே. நடையைக் கோடைமழை நன்கு பெய்தபின் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் செலவே வேண்டா, அவ்வாண்டு வேறு ஏதேனும் செய்வோம். பன்னிருவர்க்கு மேற்படாத சிறு குழுக்களாகச் செல்லுதல் வேண்டும்; இருபத்துமூவரை ஓர் ஆசிரியர் தம் இரு கண்ணால் காத்தல் இயலாது என்பது அவர்மேற் குறையன்று. மலையூரார் ஒருவர் தொடக்கம் முதல் இறுதிவரை உடனிருத்தல் வேண்டும். நண்பகலோடு அவரை வேலைக்கு விடுக்க நேர்ந்தது, அரைநாட் கூலியை மிச்சம் பிடிக்க விரும்பிய எம் மாணவர் குழுவின் சிக்கனத்தாலே. அச்சிக்கனத்திற்குக் கையெழுத்திட்டவருள்ளும் யான் உளேன்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைக்கு 1,400 ரூபாய் என்று விளம்பரப் பலகையில் எழுதுவது எளிது. எழுதியோர் அதற்குமேல் காலணிக்கும் மழையுடைக்கும் ஆகும் செலவை எழுதுவதில்லை. உதவித்தொகையில் பயிலும் மாணவர் அப்பலகையின்முன் நின்று கணக்கிட்டுப் பார்த்து, வயிற்றுவலி என்றோ தேர்வென்றோ ஒரு காரணம் கூறி விலகுகின்றனர். அல்லது நம் நண்பரைப்போல அறுந்துபோகும் செருப்புடன் வருகின்றனர். 1907ஆம் ஆண்டு பேடன் பவல் பிரௌன்ஸீ தீவில் நடத்திய முதற் பாசறையில், செல்வர் பள்ளிப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே ஒன்றாகச் சேர்த்துக் குழுக்களாக வகுத்தார். சாரணர் இயக்கம் பிறந்தது அக்கலப்பிலே. நாம் பாசறை என்னும் பெயரை மட்டும் அங்கிருந்து பெற்றுக்கொண்டு கலப்பைக் கட்டணத்தாற் கழித்துவிட்டோம். உடற்பயிற்சித் துறையின் அறையில் பத்து இருபது இணை நடைக் காலணிகள் வாங்கி வைத்தல் கல்லூரிக்கு ஒரு பெருஞ்செலவன்று. விளையாட்டுக் குழுவிற்கு மட்டையும் பந்தும் வாங்கித் தருவார், நடப்பார்க்குக் காலணி வாங்கித் தரலாகாதா?

எல்லாவற்றினும் முதன்மையாக யான் வேண்டுவது, ஒவ்வொரு குழுவிலும் கடைசியில் நடப்பவர் இன்னார் என்று பெயர் சொல்லி அமர்த்துதல். அவர் குழுவில் வலியவராயிருத்தல் வேண்டும். இதுகாறும் நாம் வலியாரை முன்னே விட்டு, அவர் வேகத்தை எல்லார்க்கும் அளவாக்கினோம். ஓட வல்லவன் முன்னே ஓடுவது திறமையன்று. அவன் இயல்பு அது. அவனைப் பின்னே நிறுத்தி, மெலியாரின் நடைக்குத் தன் நடையை ஒடுக்கச் செய்தால், அவனுக்கு எத்துணை அரிது என்பதை யான் அந்த ஞாயிறு காலை மலையிறங்குகையில் அறிந்தேன். பெரியவர் என்னை வரிசையின் கடைசியில் தம்மோடு நிறுத்திக்கொண்டார். எனக்குமுன் என் நண்பர், கட்டுக்கயிற்றால் முடிந்த செருப்புடன் நடந்தார். நாலு மணி நேரம். என் கால்கள் நூறு முறையேனும் முந்தத் துடித்தன. அவர் நின்றபோதெல்லாம் யானும் நின்றேன். அப்படி நின்ற இடமொன்றில்தான், முதல் நாள் இருமுறை கடந்தும் காணாத மிளகுக்கொடியின் பூங்கதிரைக் கண்டேன்.

இவ்வாண்டுச் செலவு நடைபெறுமா என்பது ஜூன் மாதக் கூட்டத்தில் முடிவாகும். நடைபெறுமாயின் பெயர் கொடுப்போர் பட்டியலை முன்னரே ஆயத்தம் செய்யுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். கடைசியில் நடப்பவர் என்னும் இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டு, சென்ற வாரம் நண்பரின் அறைக்குச் சென்று தாளை நீட்டினேன். அவர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி வரியில் சிறிது நேரம் நின்றார். “பார்ப்போம்” என்று கூறித் தாளைத் திருப்பித் தந்தார். அவர் பெயருக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டு வைத்திருக்கின்றேன்.